சுண்டு உட்கார மாட்டாள்

கம்ப்யூட்டர் வகுப்பில் சுண்டுவுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பார்ப்பது.

வகுப்பில் இருபத்துநாலு பேர். அறையில் எட்டு கம்ப்யூட்டர். ஒன்றுக்கு மூன்று பேர். முதல் நாற்காலியில் இருப்பவர் மவுஸைப் பிடிப்பார். இரண்டாவது நாற்காலியில் இருப்பவர் கீபோர்டைத் தட்டுவார். மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். இதை யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வருஷம் முழுக்க ஒரு நாள்கூட மாறியதில்லை.

யாருக்கு எந்த நாற்காலி என்பது நம்பர் வரிசைப்படி. சுண்டு அந்தப் பள்ளியில் கடைசியாகச் சேர்ந்தவள், அதனால் அவள் நம்பர் இருபத்துநாலு. ஆள் சுண்டுவிரல் அளவுதான் என்று வந்த முதல் நாளே சுண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் பிடித்துப்போனதால் அவளும் விட்டுவிட்டாள். மூன்றாவது நாற்காலி மட்டும் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

இருபத்திரண்டாம் நம்பர் பீரங்கி. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அவன் சொன்னால் பக்கத்துத் தெருவுக்கும் சேதி போய்விடும். மவுஸ் அவன் கையில். இருபத்துமூன்றாம் நம்பர் மைனா. அவள் பேசிக்கொண்டே தட்டுவாள், தட்டிக்கொண்டே பேசுவாள். அதனால் பாதி எழுத்து தப்பாக விழும்.

"அங்க இல்ல, அந்த மூலையில அழுத்து" என்பாள் சுண்டு.

"உனக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது தொட்டிருக்கியா?" என்பான் பீரங்கி.

தொட்டதில்லை என்பதால் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதால் தொட விடமாட்டார்கள். இந்த நியாயத்தை நினைத்தாலே சுண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்ப்யூட்டர்களும் தள்ளாடும் வயதில்தான் இருந்தன. சுவிட்சைப் போட்டுவிட்டு மைனா ஒரு சினிமாக் கதையைச் சொல்லத் தொடங்கினால், கதாநாயகன் கல்யாணம் செய்துகொள்ளும்போதுதான் திரையில் வெளிச்சமே வரும்.

அதனால்தான் கம்ப்யூட்டர் சார் அந்தத் திங்கள்கிழமை, "எல்லாத்தையும் மாத்தப் போறோம். புதுசு வாங்கப் பணம் வந்தாச்சு" என்று சொன்னபோது வகுப்பே கைதட்டியது. இருபத்துநாலு பேரில் பலமாகத் தட்டியது சுண்டுதான்.

"எத்தனை சார்?" என்று கேட்டாள்.

"எட்டு. இனி நாலஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

சுண்டுவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. இந்தப் பள்ளியில் அவள் இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் மடியில் கை. அவள் எழுந்து நின்றாள்.

"அப்ப திரும்பவும் மூணு பேரா சார்?"

"ஆமா. இப்ப எப்படியோ அப்படித்தான்."

சார் கெட்டவர் இல்லை. கொஞ்சம் அவசரக்காரர். மூன்று வகுப்புக்குப் பாடம் எடுப்பார், இடையில் பள்ளியின் மின்விசிறிகளையும் அவரேதான் பழுது பார்ப்பார். கம்ப்யூட்டர் கடைக்கார அக்கா எழுதிக் கொடுத்திருந்த இரண்டு விலைத்தாள்களையும் அவர் அந்த அறையின் கதவிலேயே ஒட்டியிருந்தார். சுண்டு அங்கே போய் அண்ணாந்து படித்தாள். படித்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து மறுபடியும் நின்றாள்.

"சார், ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணு விலை குறைச்சல்."

"அது நாலாம் வகை மெமரிம்மா. நாம வாங்கப்போறது அஞ்சாம் வகை."

"மெமரின்னா?"

"கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்யும்போது, அந்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் கைக்கு எட்டுற மாதிரி எடுத்து வச்சுக்கும் இல்லையா, அந்த இடம். ரெண்டுலயும் அளவு ஒண்ணுதான். வகைதான் வேற. அஞ்சாம் வகை புதுசா வந்தது, வேகம்."

"ரெண்டு அஞ்சாம் வகை வாங்குற காசுல மூணு நாலாம் வகை வாங்கலாம் சார். எட்டு வாங்குற காசுல பன்னெண்டு வரும். ரெண்டு பேருக்கு ஒண்ணு."

வகுப்பில் சலசலப்பு. மற்ற ஏழு மூன்றாவது நாற்காலிகளும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தன.

"கணக்கு சரிதான்" என்றார் சார். "ஆனா வேகம் கிடைக்காது. அஞ்சாம் வகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம்னு போட்டிருக்கான்."

"நாம படம் வரையறதும் ரெண்டு மடங்கு வேகமா நடக்குமா?"

சார் கதவில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரும் இதுவரை கேட்டுப் பார்த்ததில்லை.

"முதல்ல நீ உட்காரு."

"பதில் தெரிஞ்சதும் உட்காருறேன் சார்."

மணி அடிக்கும்வரை அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். சார் இரண்டு தடவை முறைத்தார். மைனா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். சுண்டு அசையவில்லை.

கடைசியில் சார்தான் இறங்கி வந்தார். "சரி. வெள்ளிக்கிழமை கடைக்கார அக்கா ரெண்டு வகையிலயும் ஒண்ணு ஒண்ணு கொண்டு வராங்க. உங்க எல்லார் முன்னாலயும் போட்டுப் பார்ப்போம். புது மெமரி ஜெயிச்சா நீ அப்புறம் இதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சார்."

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சுண்டு கதவருகே நின்று இரண்டு தாளையும் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கோபத்தில் எழுதினாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கடைக்கார அக்கா வந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் மூன்று திருப்புளி. அதிகம் பேசமாட்டார். இரண்டு கறுப்புப் பெட்டிகளை மேஜைமேல் வைத்து, வயர்களைச் செருகி, "ரெடி" என்றார்.

பீரங்கியின் கைக்கடிகாரத்தில் நொடி எண்ணும் வசதி இருந்தது. அதனால் அவன்தான் நடுவர். அந்தப் பதவி வந்ததும் அவன் குரல் இன்னும் பெரிதானது.

முதலில் அஞ்சாம் வகைப் பெட்டி. சார் பொத்தானை அழுத்தினார். மைனா "எங்க மாமா ஒரு தடவை" என்று தொடங்குவதற்குள் திரையில் படம் வந்துவிட்டது.

"பதினாறு நொடி" என்று பீரங்கி முழங்கினான்.

அடுத்து நாலாம் வகை. பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். இருபது நொடி போனது. நாற்பது போனது. வகுப்பே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டியதும் சிலர் சிரித்தார்கள். சுண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்துவிடு, வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"எழுபத்தொண்ணு" என்றான் பீரங்கி.

படம் வரையும் மென்பொருளைத் திறந்து பார்த்தார்கள். அஞ்சாம் வகை மூன்று நொடி. நாலாம் வகை இருபத்துநாலு நொடி.

"உன் நம்பரேதான் வந்திருக்கு" என்றான் பீரங்கி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நேற்றுவரை அவள் பக்கம் இருந்த மூன்றாவது நாற்காலிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

"பார்த்தியா?" என்றார் சார். அவர் குரலில் கேலி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "திங்கள்கிழமை காலையில பெரிய டீச்சர் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடுவாங்க. இப்ப உட்காரலாம் இல்லையா?"

சுண்டு உட்கார்ந்தாள். அழுதால் பீரங்கி பார்த்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது. அதைவிட, ஏன் தோற்றோம் என்று புரியாததுதான் அவளைக் குடைந்தது.

சுண்டுவின் அப்பா ரொட்டிக்கடைக்காரர். கடைக்குப் பின்னால்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தருவது சுண்டுவின் வேலை. அந்த ஞாயிறு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். ரொட்டிகள் எல்லாம் கோபமாகச் சுற்றப்பட்டிருந்தன.

உள்ளே அடுப்பறையில் அப்பாவின் குரல் உயர்ந்தது. புதிதாக ஒரு மில்லிலிருந்து மாவு வந்திருந்தது, விலை குறைவு. நன்றாக இருந்தால் இனி அதையே வாங்கலாம் என்று அப்பா ஒரு தட்டு போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். ரொட்டி உப்பாமல் சப்பையாக வந்திருந்தது.

"இந்த மாவு சரிப்படாதுண்ணே" என்றார் மாவு பிசையும் மாமா.

"இருப்பா. இதை எந்த அடுப்புல வச்சே?"

"சின்ன அடுப்புல. பெரிய அடுப்புல நம்ம பழைய மாவு இருந்துச்சே."

"சரியாப் போச்சு. மாவும் வேற, அடுப்பும் வேற. இப்ப இது சப்பையாப் போனதுக்கு மாவைத் திட்டணுமா, அடுப்பைத் திட்டணுமா? ரெண்டையும் ஒரே அடுப்புல வச்சு எடு. அப்புறம் பேசலாம்."

சுண்டுவின் கையில் இருந்த ரொட்டி பாதிச் சுற்றலில் நின்றது.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். நோட்டை எடுத்துத் தரையில் விரித்தாள். ஒரு விரலை ஒரு தாளிலும் இன்னொரு விரலை அடுத்த தாளிலும் வைத்து, வரி வரியாக இறங்கினாள். பிராசஸர் ஒன்றேதான். திரை ஒன்றேதான். மெமரியின் அளவு ஒன்றேதான். மெமரியின் வகை, நாலு, ஐந்து. அது தெரிந்த விஷயம். அதற்கு அடுத்த வரியில் இரண்டு விரலும் நின்றன.

ஒரு தாளில் 'சுழலும் டிஸ்க்'. மறு தாளில் 'எஸ்.எஸ்.டி.'

அது என்ன, இது என்ன என்று அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. இரண்டும் வேறு வேறு என்று மட்டும் தெரிந்தது. அந்தக் கர்ர், கர்ர் சத்தம் நினைவுக்கு வந்தது. மெமரியும் வேறு, டிஸ்க்கும் வேறு. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஜெயித்தது எது?

வாயே திறக்கமாட்டேன் என்று சாரிடம் சொல்லியிருந்தாள். அதையும் யோசித்துப் பார்த்தாள். புது மெமரி ஜெயித்தால்தானே அந்தப் பேச்சு? மெமரிதான் ஜெயித்தது என்று இன்னும் தெரியாதே.

"ரொட்டி சுத்த ஆள் இல்லையா இங்க?" என்று வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

"வரேன் வரேன்" என்று ஓடினாள் சுண்டு. அதன் பிறகு சுற்றிய ரொட்டிகள் எல்லாம் மிக அழகாக இருந்தன.

திங்கள்கிழமை காலை முதல் மணி அடித்தபோது சுண்டு வகுப்பில் இல்லை. தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்றாள். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே பெரிய டீச்சரும் கம்ப்யூட்டர் சாரும் கடைக்கார அக்காவும் இருந்தார்கள். இரண்டு கறுப்புப் பெட்டிகளும் கடைக்குத் திரும்பிப் போவதற்காகத் தரையில் காத்திருந்தன. பெரிய டீச்சர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"டீச்சர், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் சுண்டு.

மூன்று தலைகளும் திரும்பின. சார் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"யாரும்மா நீ? வகுப்பு இல்லையா?"

"இருக்கு டீச்சர். இருபத்துநாலாம் நம்பர். மூணாவது நாற்காலி."

"இந்தப் பொண்ணுதான்" என்றார் சார். "வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போன விஷயம் டீச்சர்."

"முடியலை சார்" என்றாள் சுண்டு. "வெள்ளிக்கிழமை நாம ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டோம். மெமரியும் வேற, டிஸ்க்கும் வேற. எதனால மெதுவாச்சுன்னு யாருக்கும் தெரியாது."

நோட்டை மேஜைமேல் வைத்து விரித்தாள். ஐந்தாவது வரியைக் காட்டினாள். பெரிய டீச்சர் படித்துவிட்டுச் சாரிடம் தள்ளினார். சார் படித்தார். ஒரு தடவை படித்தவர் இன்னொரு தடவையும் படித்தார்.

"இந்த வரியை நான் பார்க்கவே இல்லை" என்றார். அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சுண்டுவுக்கு அன்றுதான் சாரை மிகவும் பிடித்தது.

பெரிய டீச்சர் அக்காவைப் பார்த்தார். "ஏங்க இப்படிப் போட்டீங்க?"

"சார் விலை குறைச்சலா ஒண்ணு எழுதித் தாங்கன்னாரு. குறைக்கணும்னா எங்கெல்லாம் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைப்போம். பழைய சுத்துற டிஸ்க் கடையில நாலஞ்சு கிடந்துச்சு. அதைப் போட்டேன். எஸ்.எஸ்.டி.ல சுத்துறது எதுவும் இல்ல, அதான் வேகம்" என்றார் அக்கா. பிறகு சுண்டுவைப் பார்த்தார். "நீ ரொட்டிக்கடை வீட்டுப் பொண்ணுதானே? உங்க அப்பா மாவு மூட்டையை அடுக்கி வைக்கிற அறை இருக்கில்ல, அதுதான் டிஸ்க். பிசையுற மேஜைதான் மெமரி. மேஜை எவ்வளவு நல்லா இருந்தாலும், அறையிலிருந்து மூட்டை வர லேட்டாச்சுன்னா எல்லாம் லேட்டுதான்."

"அப்ப நாலாம் வகைக்கும் நல்ல டிஸ்க் போட்டா?" என்று கேட்டாள் சுண்டு.

"போட்டுத்தான் பார்க்கணும்."

"இப்பவே பார்க்கலாமா அக்கா?"

அக்கா பையைத் துழாவி, எல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருந்த ஒரு எஸ்.எஸ்.டி.யை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, தட்டை. சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை உருவினார்.

"எனக்கு ஒன்பதரைக்கு ஆய்வாளர் வராங்க, அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார் பெரிய டீச்சர். பிறகு சுண்டுவிடம் திரும்பினார். "நீ அதுவரைக்கும் இந்த நாற்காலியில உட்காரு."

"உட்கார மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"உட்கார்ந்தா எனக்குத் திரை தெரியாது. நான் குள்ளம்."

பெரிய டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

அக்கா டிஸ்க்கை மாற்றி, பெட்டியைப் பெரிய டீச்சரின் மேஜைமேல் இருந்த திரையோடு இணைத்தார். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அக்கா நாலாம் வகைப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். கர்ர் சத்தம் இல்லை. முள் மூன்றைத் தாண்டியது. திரையில் படம் வந்தது.

"பதினேழு" என்றார் சார் மெல்ல.

படம் வரையும் மென்பொருள் திறக்க மூன்று நொடி. அஞ்சாம் வகைக்கும் அதே மூன்று நொடிதான். சார் நம்பாமல் எழுதும் மென்பொருளையும், கணக்கு விளையாட்டையும் இரண்டு பெட்டியிலும் திறந்து பார்த்தார். எதிலும் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

"பெரிய பெரிய வீடியோ வேலைன்னா அஞ்சாம் வகை முந்திடும். அதையும் சொல்லிடணும்" என்றார் அக்கா. "இந்தப் பசங்க செய்யுற வேலைக்கு நாலாம் வகையே தாராளம். நாளைக்கு மெமரி பத்தலைன்னா இன்னொண்ணு செருக உள்ள இடம் இருக்கு. ஆனா அப்பவும் நாலாம் வகைதான் வாங்கணும். அஞ்சாம் வகை இந்த இடத்துல நுழையாது."

"விலை?" என்றார் பெரிய டீச்சர்.

அக்கா தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். "நல்ல டிஸ்க் போட்டா ஒண்ணொண்ணுக்கும் விலை கொஞ்சம் ஏறும். உங்ககிட்ட இருக்குற பணத்துக்குப் பன்னெண்டு வராது. பதினொண்ணு வரும்."

பதினொன்று. சுண்டு மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு பேர் ஜோடி ஜோடியாக உட்காரலாம். இரண்டு பேர் மிச்சம்.

"என்னம்மா, பதினொண்ணு போதுமா?" என்று கேட்டார் பெரிய டீச்சர். அவர் அதைச் சாரிடம் கேட்கவில்லை. சுண்டுவிடம்தான் கேட்டார்.

"போதாது டீச்சர்" என்றாள் சுண்டு. "ரெண்டு பேர் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கணும். ஆனா இப்ப எட்டுப் பேர் சும்மா இருக்கோம். அதனால பதினொண்ணு வாங்குங்க. அந்த ரெண்டு பேர் விஷயத்தை நாங்க வகுப்புல சண்டை போட்டுப் பார்த்துக்கறோம்."

பெரிய டீச்சர் ஆர்டர் தாளில் அஞ்சாம் வகை என்ற வரியை அடித்தார். எட்டு என்ற எண்ணை அடித்தார். பக்கத்தில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாள் கழித்துப் பெட்டிகள் வந்து இறங்கின. சார் இரண்டு நாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வயர்களோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

"இனிமே ரெண்டு ரெண்டு பேர். வழக்கம்போல நம்பர்படி. ஒண்ணும் ரெண்டும் முதல் கம்ப்யூட்டர், மூணும் நாலும் அடுத்தது" என்று படித்துக்கொண்டே போனார். "இருபத்தொண்ணும் இருபத்திரண்டும் பதினோராவது. மீதி ரெண்டு பேர் மூணாவதா..."

அங்கே நிறுத்தினார். பதிவேட்டைப் பார்த்தார். மீதி இருந்தது இருபத்துமூன்றும் இருபத்துநாலும். தலையை நிமிர்த்தினார். சுண்டு ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எப்பதாம்மா உட்காருவே?" என்றார் சார்.

"வாரத்துக்கு ரெண்டு பேர் மாறி மாறி மூணாவதா உட்காரட்டும் சார். எல்லாருக்கும் ஒரு முறை வரும். இந்த வருஷம் மவுஸ் பிடிச்ச எட்டுப் பேர் முதல்ல."

"இது அநியாயம்" என்றான் பீரங்கி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வருஷம் முழுக்க உனக்கு நியாயமாத்தானே இருந்துச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆறாம் நம்பர். ஒரு வருஷமாக அவள் கம்ப்யூட்டர் அறையில் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. பிறகு ஒன்பதாம் நம்பர் "ஆமா சார்" என்றான். பன்னிரண்டும் பதினைந்தும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை சிரித்தவர்கள்தான். சுண்டு அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்சமாகத்தான் வைத்துக்கொண்டாள்.

சார் கையைத் தூக்கினார். "சரி சரி. அப்படியே செய்வோம். ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

"எப்பவும் ஒண்ணுலேர்ந்துதான் சார் ஆரம்பிக்கிறோம்" என்றாள் சுண்டு. "இந்தத் தடவை கடைசியிலேர்ந்து."

மவுஸ் பிடித்தவர்களில் கடைசி ஆள் யார் என்று வகுப்பே திரும்பிப் பார்த்தது. பீரங்கி தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். சுவர்தான் இருந்தது.

அடுத்த கம்ப்யூட்டர் வகுப்பில் சுண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மைனா. அதற்கும் பக்கத்தில் பீரங்கி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

சுண்டு மவுஸைத் தொட்டாள். தொட்டதுமே அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அதை இழுத்து வருவதற்குள் வியர்த்துவிட்டது. ஒரு வருஷம் பார்த்து வைத்ததெல்லாம் தலையில் இருந்தது, கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. படகு வரையலாம் என்று நினைத்தாள். கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது.

பீரங்கியால் பொறுக்க முடியவில்லை. மைனாவைத் தாண்டி அவன் கை நீண்டு வந்தது. "தள்ளு, நான் போட்டுக் காட்டுறேன்."

"கையை எடு" என்றாள் சுண்டு.

"கோணலா வருது சுண்டு."

"கோணலாவே வரட்டும். இது நான் போடுற கோணல். கையை எடு."

பீரங்கி கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மடியில் வைத்துக்கொண்டான். சத்தமே இல்லாமல் திரையைப் பார்த்தான். சுண்டு ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். நியாயப்படி அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எரிச்சலாக இருந்தது. இப்படி ஒரு நாற்காலி இருக்கலாம், ஆனால் அதில் இப்படி ஒரு முகம் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவள் மவுஸை விடாமல் திரும்பினாள்.

"படகுக்கு என்ன கலர் போடலாம்?"

பீரங்கி மைனாவைப் பார்த்தான். மைனா பீரங்கியைப் பார்த்தாள்.

"என்னையா கேக்கற?" என்றான் அவன்.

"உன்னைத்தான். மூணாவது ஆளு சொல்லணும்."

ஒரு வருஷத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர்களை யாரும் எதையும் கேட்டதில்லை. பீரங்கி கொஞ்ச நேரம் படகையே பார்த்து யோசித்தான். பிறகு, அவனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத அவ்வளவு சின்னக் குரலில், "ஆரஞ்சு" என்றான்.

சுண்டு இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினாள். மூன்றாவது தடவை, கோணல் படகு முழுவதும் ஆரஞ்சு நிறம் பரவியது.